பில்டரிடம் புது ஃபிளாட்: எந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு எந்தப் பணம்

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்னைப் புறநகரில், கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 1,150 சதுர அடி ஃபிளாட். சதுர அடி 6,800 ரூபாய். புக்கிங்குக்கு 2 லட்சம் கேட்கிறார்கள், வங்கிக் கடனையும் தாங்களே ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார்கள். முதல்முறை வீடு வாங்குபவர் எதிலிருந்து தொடங்க வேண்டும், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பில்டரிடம் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, நீங்கள் இன்னும் கொடுக்காத பணம். அதனால் ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் எந்தக் காகிதம் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

புக்கிங் பணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது ரெரா பதிவு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அந்தத் திட்டம் பதிவாகியிருக்கிறதா என்பது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டர் நிலம், 8 வீடு என்ற வரம்பைத் தாண்டும் திட்டங்கள் பதிவு எண் வாங்காமல் விளம்பரம் செய்யவோ, புக்கிங் வாங்கவோ கூடாது. விளம்பரத்தில் எண் போட்டிருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு ரெரா தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, சர்வே எண், பில்டர் பெயர், பிளாக், மாடிகள், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் உங்களிடம் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணுக்குள்ளேயே அது மனைப்பிரிவுக்கானதா, கட்டடத்துக்கானதா என்று குறித்திருக்கும். மனைப்பிரிவுக்கு வாங்கிய எண்ணைக் காட்டி, அதில் கட்டும் வில்லாக்களை விற்பதும் நடக்கிறது. அதேபோல முதல் கட்டத்துக்கு வாங்கிய எண்ணை வைத்து இரண்டாம் கட்டத்தை விற்பதும் உண்டு. பில்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை எந்த அளவில் இருக்கிறது என்று அங்கே ஏற்ற வேண்டும். அதை நேரில் போய்ப் பார்த்ததோடு ஒப்பிட்டால் அவருடைய நாணயம் ஓரளவு தெரிந்துவிடும். முடிக்கும் தேதியை ஏற்கெனவே நீட்டித்திருக்கிறாரா, அவர் மேல் ரெராவில் தீர்ப்புகள் இருக்கின்றனவா என்பதும் கிடைக்கும்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டின் விலையில் 10%-க்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 13-ஆவது பிரிவு. அந்த 10%-ஐயும் முழுதாகக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆவணங்களை வக்கீல் பார்க்கும்வரை ஃபிளாட்டை நிறுத்திவைக்க 50,000 அல்லது ஒரு லட்சம் போதும் என்று கேளுங்கள். கொடுக்கும்போது, சொத்து உரிமையில் சிக்கல் இருந்தாலோ வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ முழுத் தொகையும் திரும்பத் தரப்படும் என்று புக்கிங் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். அச்சடித்த படிவத்தில் இந்த வரி இருக்காது, ஆனால் பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். பணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும், அந்தத் திட்டத்தின் கணக்குக்கே கொடுங்கள். வாங்குபவர்களின் பணத்தில் 70% அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வேறு நிறுவனப் பெயரிலோ தனிநபர் பெயரிலோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விலையைப் பேசும்போது

1,150 சதுர அடி என்பது விற்பனைப் பரப்பு. மாடிப்படி, லிஃப்ட், வராந்தா, கிளப் ஹவுஸ் என்று எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்வது. நீங்கள் நடமாடப் போவது கார்ப்பெட் ஏரியாவில். ரெரா சட்டம் இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது: வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பு, உள்சுவர்கள் உட்பட. வெளிச்சுவர், குழாய்கள் போகும் ஷாஃப்ட், பால்கனி, திறந்த மொட்டை மாடி சேராது. உங்கள் ஃபிளாட்டின் கார்ப்பெட் ஏரியா 800 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 78.2 லட்சத்தை 800-ஆல் வகுத்தால் சதுர அடி 9,775 ரூபாய். பக்கத்துத் திட்டத்தில் 7,200 ரூபாய் சொல்கிறார்கள், அதே 1,150 சதுர அடி, ஆனால் கார்ப்பெட் 870 என்றால் அங்கே 9,517 ரூபாய்தான். விலை கூடுதலாகத் தெரிந்த வீடு உண்மையில் மலிவு. எந்த இரண்டு வீடுகளையும் இப்படித்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது பிரிபடாத பாகம், எல்லோரும் யுடிஎஸ் என்று சொல்வது. கட்டடம் பழசாகும், நிலம் பழசாகாது. 40 ஆண்டு கழித்து இடித்துக் கட்டும்போது உங்களுக்குக் கிடைப்பது இந்தப் பங்கை வைத்துத்தான். கணக்கு எளிது: உங்கள் ஃபிளாட்டின் பரப்பை எல்லா ஃபிளாட்டுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, நிலத்தின் பரப்பால் பெருக்குங்கள். நிலம் 4 கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி, ஃபிளாட்டுகளின் மொத்தப் பரப்பு 19,200 சதுர அடி என்றால், 1,150 சதுர அடி வீட்டுக்கு 575 சதுர அடி வர வேண்டும். ஒப்பந்தத்தில் 480 என்று இருந்தால் மீதி யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். பின்னால் மேலே ஒரு மாடி எழுப்புவதற்காகப் பில்டர் பங்கை ஒதுக்கி வைத்துக்கொள்வது பழைய பழக்கம். இன்னொன்று: பெரிய திட்டங்களில் சாலை விரிவாக்கத்துக்கும் பூங்காவுக்கும் ஒரு பகுதியை அரசுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த நிலத்தையும் சேர்த்து யுடிஎஸ் கணக்குப் போட்டிருந்தால், இல்லாத நிலத்தை உங்களுக்கு விற்கிறார்கள் என்று பொருள்.

மொத்தச் செலவை இப்போதே கூட்டிப் பாருங்கள். அடிப்படை விலை 78.2 லட்சம். கார் நிறுத்துமிடம் 4 லட்சம், மின்வாரியம், குடிநீர், கழிவுநீர், வசதிகள் என்று 3 லட்சம் என்றால் 85.2 லட்சம். கட்டும்போது வாங்குவதால் 5% ஜிஎஸ்டி, 4.26 லட்சம். 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புதுக் குடியிருப்பின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 50 லட்சம் வரை 4%, அதற்கு மேல் 3 கோடி வரை 5%, 3 கோடிக்கு மேல் 7%. பதிவுக் கட்டணம் தனியாக 2%. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து 7% வரும், கிட்டத்தட்ட 5.96 லட்சம். கார்ப்பஸ் நிதி (குடியிருப்பின் பெரிய செலவுகளுக்கென ஒதுக்கி வைக்கும் பொது நிதி), ஓராண்டுப் பராமரிப்பு முன்பணம் என்று இன்னொரு ஒன்றரை லட்சம். ஆக 78 லட்சத்து வீடு, குடிபோகும் முன்னரே 97 லட்சத்தை நெருங்குகிறது. மரவேலை, ஏசி, கிரில் எதுவும் இதில் இல்லை. வங்கி பெரும்பாலும் பதிவுச் செலவுக்குக் கடன் தராது, அது உங்கள் கையிலிருந்து போகும்.

45 லட்சத்துக்குள்ளான விலை, பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள்ளான கார்ப்பெட் ஏரியா, இரண்டும் சேர்ந்து இருந்தால் ஜிஎஸ்டி 1%தான். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டியே இல்லை. ஆனால் முழுப் பணமும் சான்றுக்குப் பிறகு கொடுத்திருந்தால்தான் அந்த விலக்கு. சான்று வருவதற்குப் பத்து நாள் முன்னால் புக்கிங் பணம் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், பில்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தவணையிலும் 1% டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிக் கழிக்கும் வருமான வரி) பிடித்து வருமான வரித் துறையில் கட்டுவது உங்கள் பொறுப்பு. இது கூடுதல் செலவு இல்லை, அவர் பணத்திலிருந்து கழிப்பது. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் உங்கள் தலையில் விழும். வங்கி நேரடியாகத் தவணை விடும்போது இதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நிலம் யாருடையது

இதை வக்கீல்தான் பார்க்க வேண்டும், அதுவும் பில்டர் கைகாட்டாத, நீங்களே பணம் கொடுத்து அமர்த்திய வக்கீல். வங்கி அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்பது தன் கடனுக்கான ஏற்பாடு. பின்னால் உரிமை வழக்கு வந்தாலும் மாதத் தவணையை உங்களிடம்தான் வாங்கும்.

வக்கீலிடம் கொடுக்க நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: தாய்ப் பத்திரங்களின் நகல்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேட்டுப் பகுதி (கிராமத்தின் நிலப் பதிவேடு), புல வரைபடம், நில உரிமையாளரும் பில்டரும் சேர்ந்து கட்டும் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அது, பவர் பத்திரம், வாரிசுச் சான்று, திட்ட அதிகாரிகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபி தந்த அனுமதி வரைபடமும் கடிதமும், உள்ளாட்சியின் கட்டட அனுமதி. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறைத் தளத்தில் நீங்களே சர்வே எண் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பில்டர் நீட்டும் நகலோடு நிற்காதீர்கள்.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு, பதிவு செய்யாத குடும்ப ஏற்பாடு, உயில், இவை வராது. தமிழ்நாட்டில் அதிகம் மாட்டுவது பெண் வாரிசுகள் விஷயத்தில். 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களைப் போலவே பிறப்புரிமை கொடுத்தது (அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்கள் அதில் சேரவில்லை), 2005-இல் மத்தியச் சட்டமும் மாறியது. அதற்குப் பின் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற பூர்வீக நிலமானால், சகோதரிகளின் விடுதலைப் பத்திரம் எங்கே என்று வக்கீல் கேட்க வேண்டும். பவர் வைத்து விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்யவில்லையா என்று பார்க்க வேண்டும். பழைய ஏரி, குளம், வாய்க்கால், கோயில் நிலம், புறம்போக்கு ஆகியவற்றுக்கு அ-பதிவேடும் பழைய புல வரைபடமும்தான் சாட்சி. புறநகரில் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்த நிலமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தச் சட்டம் 1999-இல் நீக்கப்பட்டாலும், அதற்கு முன் அரசு கையகப்படுத்திய நிலம் அரசுடையதுதான்.

பில்டர் இந்த நிலத்தை அடமானம் வைத்துத் திட்டக் கடன் வாங்கியிருந்தால் அது தவறில்லை, பலர் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் உங்கள் ஃபிளாட் எண்ணைக் குறிப்பிட்டு, இந்த வீட்டின் மேல் எங்களுக்கு உரிமை இல்லை என்று அந்தக் கடன் நிறுவனம் தரும் தடையின்மைக் கடிதம் இல்லாமல் கிரயம் செய்யக் கூடாது. கூட்டு ஒப்பந்தத்தில் கட்டுகிற இடமானால், நீங்கள் பார்த்த வீடு பில்டர் பங்கா, நில உரிமையாளர் பங்கா என்று ஒதுக்கீட்டு ஒப்பந்தத்தில் பாருங்கள். யார் பங்கோ அவர்தான் விற்க முடியும்.

வெள்ளமும் காகிதத்தில் வராது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நின்ற இடங்களை அந்தத் தெருவின் டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டிவிடுவார்கள். தளமட்டம் இன்றைய சாலையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறும். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டிய பகுதியில் வாங்குவதானால், அனுமதி எந்தத் தேதியில், எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்பதை வக்கீல் தனியாகப் பார்க்க வேண்டும்.

அனுமதி வரைபடம் சரியாக இருப்பதால் கட்டடம் உறுதியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் பலி வாங்கிய 11 மாடிக் கட்டடம் அனுமதி வாங்கிக் கட்டியதுதான். மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம், கான்கிரீட் க்யூப் சோதனையின் (கான்கிரீட் கட்டியை அழுத்தி வலிமை பார்ப்பது) 7 நாள், 28 நாள் முடிவுகள், இந்த மூன்றையும் கேளுங்கள். தரமாகக் கட்டுகிறவர் கோப்பை எடுத்து நீட்டுவார்.

ஒப்பந்தம்

விற்பனை ஒப்பந்தத்துக்கு ரெரா விதிகளில் ஒரு மாதிரி இருக்கிறது. பில்டரின் வரைவை அதோடு வரிக்கு வரி ஒப்பிட்டால், எங்கே மாற்றியிருக்கிறார் என்று தெரியும். கவனிக்க வேண்டிய இடங்கள் சில.

ஒப்படைக்கும் தேதி ரெராவில் உள்ள தேதியோடு பொருந்த வேண்டும். 'ஆறு மாதச் சலுகைக் காலம்', 'பொருள் தட்டுப்பாடு ஏற்பட்டால்' என்று தேதியை ரப்பர் போல இழுக்கும் வரிகளை நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் தாமதித்தால் 18% வட்டி, அவர் தாமதித்தால் சதுர அடிக்கு 5 ரூபாய் என்று எழுதியிருந்தால் அது சட்டத்துக்கு ஒவ்வாது, இருவருக்கும் ஒரே விகிதம்தான். தமிழ்நாட்டில் அது ஸ்டேட் வங்கியின் கடன் வட்டி அடிப்படை விகிதத்தோடு 2% சேர்த்தது. தேதி தவறினால், விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்ப வாங்கவும், இருந்துகொண்டு தாமதத்தின் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி வாங்கவும் 18-ஆவது பிரிவு உரிமை தருகிறது. எது வேண்டும் என்று தீர்மானிப்பது நீங்கள்தான்.

வரைபடத்தை மாற்றிக்கொள்ள முன்கூட்டியே சம்மதிக்கிறேன் என்ற வரியைக் கட்டாயம் அடித்துவிடுங்கள். அனுமதி வரைபடத்தை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்வதைத் தவிர்ப்பதற்காகவே அது எழுதப்படுகிறது. மொட்டை மாடி யாருக்கு, மீதமுள்ள கட்டும் உரிமை யாருக்கு என்பதும் அங்கேதான் ஒளிந்திருக்கும். திறந்தவெளிக் கார் நிறுத்துமிடம் சட்டப்படி பொது இடம், அதை விலைக்கு விற்க முடியாது. மூடிய நிறுத்துமிடமானால் எண்ணும் வரைபடமும் ஒப்பந்தத்தில் இணைக்கப்பட வேண்டும். டைல்ஸ், ஒயர், குழாய், ஜன்னல் எல்லாவற்றுக்கும் பிராண்டும் மாடலும் எழுத வேண்டும். 'அல்லது அதற்கு இணையானது' என்பதை விடமாட்டார்கள். 'வாங்குபவரின் எழுத்துச் சம்மதத்தோடு' என்பதை அதன் பக்கத்தில் சேருங்கள்.

தவணை அட்டவணை தேதிப்படி இருக்கக் கூடாது, வேலைப்படி இருக்க வேண்டும்: அடித்தளம் முடிந்ததும் இவ்வளவு, உங்கள் மாடியின் ஸ்லாப் போட்டதும் இவ்வளவு, செங்கல் கட்டு, பூச்சு, தரை என்று. பல அட்டவணைகளில் ஸ்லாப் முடியும்போதே 80% போய்விடும். ஆனால் வீட்டின் தரம் தெரியும் வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பூச்சுக்குப் பிறகு குறைந்தது 20% மிச்சம் இருக்கும்படி பேசுங்கள். கடைசி 5% பணி நிறைவுச் சான்றோடு சாவி வாங்கும்போது. வங்கி ஒவ்வொரு தவணை விடுவதற்கும் உங்கள் கையெழுத்துக் கடிதம் கேட்கும். இடத்தைப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்படைக்கும்வரை வட்டியை நாங்கள் கட்டுகிறோம் என்ற திட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். பில்டர் கட்டுவதை நிறுத்தினால் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும். வீட்டுக்கடன் நிறுவனங்கள் இத்தகைய கடன் தருவதைத் தவிர்க்கும்படி தேசிய வீட்டுவசதி வங்கி 2019-இலேயே சொன்னது.

பணி நிறைவுச் சான்று

இந்த ஒரு காகிதத்துக்காக எவ்வளவு காத்திருந்தாலும் தகும். அளவில் மிகச் சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவற்றில், அனுமதித்த வரைபடப்படி கட்டியிருக்கிறதா என்று திட்ட அதிகாரிகள் நேரில் பார்த்துத் தருவது இது. பக்கத்தில் விட வேண்டிய காலியிடத்தைக் குறைத்திருந்தாலோ, ஸ்டில்ட்டில் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் தரைத்தளம்) அறை கட்டியிருந்தாலோ, மேலே ஒரு மாடி கூடியிருந்தாலோ கிடைக்காது. கிடைக்காவிட்டால் நிரந்தர மின் இணைப்பும், குடிநீர், கழிவுநீர் இணைப்பும் வராது. அப்போது பில்டர்கள் செய்வது, கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக மின் இணைப்பிலேயே எல்லோரையும் குடிவைப்பது. கட்டணம் வீட்டு இணைப்பைவிடப் பல மடங்கு. சுமை தாங்காமல் கோடையில் விழும். பில்டர் போன பிறகு அந்த விதிமீறலைச் சரிசெய்ய வேண்டியவர்கள் குடியிருப்பவர்கள். 'எல்லாரும் கிரகப்பிரவேசம் பண்ணிட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி' என்று சொல்வார்கள். சான்று வந்த பிறகு பண்ணிக்கொள்ளலாம்.

சாவிக்கு முன்னால் வீட்டைப் பார்ப்பது

முடிந்தால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நல்ல மழைக்கு மறுநாள் பாருங்கள். கையில் டேப், டார்ச், ரசமட்டம், ஒரு வாளி, ஒரு ரூபாய் நாணயம், மின்சாமான் கடையில் கிடைக்கும் மூன்று முனை சாக்கெட் டெஸ்டர். ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். விசேஷத்துக்கு வந்ததுபோல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் எதுவும் தெரியாது.

முதலில் கழிவறை, ஏனென்றால் பின்னால் சரிசெய்யக் கடினமானது அதுதான். தரையைத் தாழ்த்திப் போட்ட ஸ்லாபின் மேல் நீர்த்தடுப்புப் பூசி, குழாய் ஓட்டி, நிரப்பி, அதன் மேல் டைல்ஸ் போட்டிருப்பார்கள். தடுப்புச் சரியில்லை என்றாலோ குழாய் மூட்டு கசிந்தாலோ தண்ணீர் அந்த நிரப்புக்குள் தேங்கி, ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையிலோ உங்கள் படுக்கையறைச் சுவரின் அடியிலோ ஓதமாகத் தெரியும். சோதிக்கும் முறை: வடிகால் துளையைத் துணிமூட்டையால் இறுக அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு, 48 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். டைல்ஸ் போடும் முன்னரே இந்தச் சோதனையை நடத்தச் சொல்லி உடனிருந்து பார்ப்பது இன்னும் நல்லது. பிறகு அடைப்பை எடுத்ததும் தண்ணீர் எங்கும் தங்காமல் வடிகிறதா என்று கவனியுங்கள். மூலையில் குட்டை நின்றால் சரிவு தவறு. பால்கனியிலும் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள், ஹாலை நோக்கி ஓடிவரக் கூடாது.

டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று ஒலித்தால் சரி. உள்ளே காற்று இருப்பதுபோல் 'டொக்' என்று கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. ஒரு கட்டிலோ அலமாரியோ வைத்ததும் உடையும். அத்தகையவற்றில் மாஸ்கிங் டேப் ஒட்டி, படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெடிப்புகளில் எல்லாமே ஆபத்து இல்லை. பூச்சின் மேல் தலைமுடி கனத்தில் வலைபோல ஓடுவது, நீராற்றுதல் போதாமல் வந்தது. பூசி வண்ணம் அடித்தால் போதும். பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வந்தால், பூச்சுக்கு முன் கோழிவலை அடிக்கவில்லை. அந்த இடத்தை வெட்டி, வலை வைத்துப் பூச வேண்டும். வெறும் பட்டி பூசி மறைத்தால் அடுத்த கோடையில் திரும்ப வரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினால் லின்டல் (ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை) பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். தூணிலோ பீமிலோ வெடிப்பு இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் பதில் தரும்வரை சாவி வாங்காதீர்கள்.

மின்சாரத்தில், மீட்டரிலிருந்து வரும் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினால் உடனே விழ வேண்டும். சாக்கெட் டெஸ்டரை எல்லா இடத்திலும் செருகிப் பாருங்கள், எர்த் ஒயரே இணைக்காத பாயின்ட்டுகள் புது வீடுகளில் சாதாரணம். இரண்டு சுவிட்ச் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி ஒயரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: விளக்குக்கு 1.5, பவர் பாயின்ட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதிய பிராண்ட் இதுதானா என்பதும் அங்கேயே தெரியும்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து குழாய் வைத்துப் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். யுபிவிசி ஜன்னலில் கீழ்ச்சட்டத்தின் வெளிப்பக்கம் நீர் வடியும் துளைகள் உண்டு, சிமென்ட் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளே வரும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து அழுத்தம் பாருங்கள், மேல்மாடிகளில் இது முக்கியம். ஆழ்துளைத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவையும் (இதையும் டிடிஎஸ் என்பார்கள்) பார்த்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு ஏற்ற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் லாரித் தண்ணீரை நம்பும் குடியிருப்புகளில், மாதத்துக்கு எத்தனை லாரி, யார் செலவு என்பதையும் கேளுங்கள். கடைசியாகக் கார்ப்பெட் ஏரியாவை அறை அறையாக அளந்து ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் அந்த அளவுக்குப் பணம் திரும்ப வர வேண்டும்.

கண்டதையெல்லாம் அறைவாரியாக எழுதி, படங்களோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. ஒப்படைப்புக் கடிதத்தில் 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்டிருப்பார்கள். இணைத்துள்ள குறைப் பட்டியலுக்கு உட்பட்டு என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. ஓராண்டு உத்தரவாதம்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சட்டம்தான் நிற்கும்.

பதிவும் அதற்குப் பிறகும்

கிரயப் பத்திர வரைவைப் பதிவுக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, சர்வே எண், நான்கு எல்லை, யுடிஎஸ், ஃபிளாட் எண், மாடி, கார்ப்பெட் ஏரியா, கார் நிறுத்துமிட எண், பெயர்களின் எழுத்து எல்லாம் ஆதாரோடும் பான் அட்டையோடும் ஒத்துப்போகிறதா என்று உரக்கப் படித்துச் சரிபாருங்கள். கணவன் மனைவி இருவரும் கடன் கட்டுவதானால் இருவர் பெயரிலும் பதியுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் கையில் வந்து சில நாட்கள் கழித்து, வில்லங்கச் சான்றை மறுபடியும் எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்டரிடமிருந்து அன்றே வாங்க வேண்டியவை: பணி நிறைவுச் சான்றின் நகல், அனுமதி வரைபடம், உங்கள் வீட்டின் குழாய், மின் வரைபடங்கள், லிஃப்ட் உரிமம், உயரமான கட்டடமானால் தீயணைப்புத் துறைச் சான்று, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதி. பிறகு சொத்து வரி மதிப்பீடு, மின் இணைப்பு, குடிநீர் வரி, மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பில்டர் பெயரிலேயே வரி நிலுவையில் நின்று, விற்கும்போது மொத்தமாகக் கட்டுகிறவர்கள் நிறைய.

உரிமையாளர் சங்கத்தைத் தள்ளிப்போடாமல் பதிவு செய்யுங்கள். கார்ப்பஸ் நிதி பில்டர் கணக்கில் இருக்கும்வரை அதன் வட்டி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. சங்கம் உருவானதும் அந்தத் தொகை, வசூலித்த பராமரிப்புப் பணத்தின் கணக்கு, லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார்களின் உத்தரவாத அட்டைகள், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தோடு ஒப்படைக்கக் கேளுங்கள். பொது இடங்களின் குறைகளுக்கும் அதே 5 ஆண்டுப் பொறுப்பு உண்டு. மொட்டை மாடிக் கசிவு, ஸ்டில்ட் தரையில் தண்ணீர் தேங்குவது, சுத்திகரிப்பு நிலைய நாற்றம் போன்றவற்றுக்குத் தனித்தனியாகப் புகார் எழுதுவதைவிடச் சங்கத்தின் பெயரில் ஒரே கடிதம் அனுப்பி, 30 நாள் கழித்தும் வேலை தொடங்காவிட்டால் ரெராவில் மனு போட்டுவிடலாம்.